ஓசுவின் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றனவே, எங்கிருந்து தொடங்குவது?

திண்ணைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு நண்பர்கள், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தேநீரோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு ஒரு வகைமை, அடுத்த சில மாதங்களுக்கு ஓர் இயக்குநர் என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வோம். குரோசாவாவின் சாமுராய் படங்களை முடித்த உற்சாகத்தில், ஜப்பானிலிருந்தே இன்னொருவரைப் பார்க்கலாம் என்று யாசுஜிரோ ஓசுவை எடுத்தோம். அங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

முதலில் பார்த்தது ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953). அறுவரில் இருவர் தூங்கிவிட்டார்கள், ஒருவர் அழுதார், மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விடக்கூடாது என்று ‘லேட் ஸ்பிரிங்’ (1949), ‘எர்லி சம்மர்’ (1951) ஆகிய இரண்டையும் பார்த்தோம். மூன்றிலும் செட்சுகோ ஹாரா நடிக்கிறார், மூன்றிலும் அவருடைய பெயர் நொரிகோ. சிஷு ரியு ஒரு படத்தில் அவருக்கு அப்பா, இன்னொன்றில் அண்ணன், மற்றொன்றில் மாமனார். எந்தக் காட்சி எந்தப் படத்தில் வந்தது என்பதே எங்களுக்கு இப்போது குழம்பிவிட்டது. தலைப்புகளும் உதவவில்லை, எல்லாம் வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்றே போகின்றன.

என் கேள்வி இதுதான். பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது, வயதான பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது ஆகியவை நம் குடும்பப் படங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் கதைகள்தாமே? ‘வியட்நாம் வீடு’ (1970) சொல்லாத எதை ஓசு சொல்லிவிடுகிறார்? குறை சொல்வதற்காக நான் இதைக் கேட்கவில்லை. அழுத நண்பர் எதற்காக அழுதார் என்று அவராலேயே விளக்க முடியவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. எந்த வரிசையில் பார்த்தால் பிடிபடும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கீற்றுக்கொட்டகை (பதில்)

திண்ணைவாசி அவர்களுக்கு, நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் நான் அவருடைய படங்களுக்குள் நுழையும் வாசலாகக் கருதுகிறேன். தன்னை ஒரு டோஃபு கடைக்காரன் என்றும், தன்னிடம் வேறு பலகாரம் கேட்கக் கூடாது என்றும் ஓசு சொல்லிக்கொள்வார். நம் ஊர்க் கணக்கில், இட்லி மட்டுமே போடும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்குப் போகிறவன் இன்றைய இட்லிக்கும் நேற்றைய இட்லிக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கில் கண்டுபிடிக்கிறவனாக இருக்க வேண்டும்.

ஜப்பானியர்கள் இந்த வகைமைக்கு ‘ஷோமின்-கெகி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் என்று பொருள். ஓசு வேலை பார்த்த ஷோசிகு நிறுவனத்துக்கு அது வீட்டுச் சமையல் மாதிரி. ஆகவே கதையளவில் அது நம் குடும்பப் படத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று நீங்கள் நினைப்பது தவறே இல்லை. வேறுபாடு, எதைக் காட்டாமல் விடுகிறார் என்பதில் இருக்கிறது.

‘லேட் ஸ்பிரிங்’ படத்தை நினைத்துப் பாருங்கள். 27 வயதுப் பெண், மனைவியை இழந்த பேராசிரியர் அப்பாவை விட்டுப் போக மனமில்லாமல் கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கிறாள். தானும் மறுமணம் செய்துகொள்ளப்போவதாக அப்பா ஒரு பொய் சொல்லி அவளைச் சம்மதிக்க வைக்கிறார். இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் அந்தப் படம் முழுவதும் கல்யாணப் பேச்சுதான். ஆனால் கல்யாணம் காட்டப்படுவதே இல்லை. மாப்பிள்ளையின் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை, அவர் வாயருகே ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பரின் சாயல் இருப்பதாகப் பேச்சில் வருவதோடு சரி. மணப்பெண் அலங்காரத்தில் அவள் அப்பாவுக்கு நன்றி சொல்கிறாள், அடுத்து அந்த அறை காலியாக இருக்கிறது, அங்கே ஒரு கண்ணாடி மட்டும் நிற்கிறது. கடைசியில் அப்பா தனியாக வீடு திரும்பி ஆப்பிள் தோலைச் சீவுகிறார். பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும் தருணத்தை உச்சமாக வைத்துப் பழகிய நமக்கு, எதையோ தவறவிட்டுவிட்டோம் என்ற தவிப்பு அங்கே ஏற்படுகிறது. உங்கள் நண்பர் அழுததற்கு இந்த மாதிரி ஓர் இடைவெளி காரணமாக இருந்திருக்கலாம்.

‘டோக்கியோ ஸ்டோரி’யிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஒனோமிச்சி என்ற ஊரிலிருந்து கிளம்பும் முதியவர்கள் காற்றுத் தலையணையை யார் எடுத்துவைத்தார்கள் என்று சாவகாசமாகப் பேசிக்கொள்வதை முழுதாகக் காட்டுகிறவர், அவ்வளவு நீண்ட ரயில் பயணத்தை ஒரு வெட்டில் தாண்டிவிடுகிறார். அம்மா இறக்கும் நொடியும் திரையில் இல்லை, விடியும்வரை தாங்க மாட்டார் என்கிறார்கள், பிறகு காலை வந்துவிடுகிறது. ‘வியட்நாம் வீடு’ இதற்கு நேர்மாறான பாதையில் போகிறது. 40 வயதை அப்போதுதான் தாண்டியிருந்த சிவாஜி, பணி ஓய்வுபெற்ற பத்மநாபனின் ஒவ்வொரு வலியையும் நம் கண் முன்னால் நடித்துக் காட்டி நம்மை அழவைக்கிறார். 49 வயதில் சிஷு ரியு 70 வயதுக் கிழவராக வந்து, கூடுமானவரை எதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, என் அப்பாவோடு ‘வியட்நாம் வீடு’ பார்த்த நாளை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழில் ஓசுவுக்குப் பக்கத்தில் வருகிற படம் வேண்டுமென்றால், பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ (1989) இருக்கிறது. மனைவியை இழந்து, கிராமத்திலிருந்து சென்னையில் உறவினர் வீட்டுக்கு வந்து சேரும் முதியவராகச் சொக்கலிங்க பாகவதர் நடந்துபோவதைப் பாருங்கள்.

வரிசை கேட்டீர்கள். அடுத்ததாக ‘லேட் ஆட்டம்’ (1960) பாருங்கள், வேறு எதையும் நடுவில் வைக்காதீர்கள். ‘லேட் ஸ்பிரிங்’ கதையேதான், ஆனால் அப்பாவின் இடத்தில் ஓர் அம்மா. அந்த அம்மாவாக நடிப்பவர், 11 ஆண்டுகளுக்கு முன் மகளாக நடித்த அதே செட்சுகோ ஹாரா. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் குழப்பம் ஒரு பிரச்சினையாகவே இருக்காது.

மூன்றாம்மணி (பதில்)

மேலே சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் கதையோடு மட்டும் நின்றுவிட்டால் பாதி ஓசுதான் கிடைப்பார். உங்கள் குழுவில் தூங்கியவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். அடுத்த படத்தில் ஒலியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேமரா தரைக்குப் பக்கத்தில் இருப்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள், பாயில் அமர்ந்திருப்பவரின் பார்வை என்று அதற்கு ஒரு விளக்கமும் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் முழுக்கச் சரியில்லை என்பது என் எண்ணம். அமர்ந்திருப்பவரின் கண்ணைவிடவும் அது தாழ்வாக இருக்கிறது, மேசை நாற்காலி போட்ட அலுவலகத்திலும் தெருவிலும்கூட அது மேலே எழும்புவதில்லை. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது ஜப்பானிய வீட்டின் சறுக்குக் கதவுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சட்டங்களாகி உள்ளே போகின்றன, அந்தச் சட்டங்களுக்கு நடுவில் ஆட்கள் வந்து போகிறார்கள். ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதா ஆண்டுக்கணக்கில் அவருக்காகத் தரையோடு கிடந்து வேலை செய்தவர். லென்ஸும் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் ஒன்றுதான். கேமரா நகர்வது அபூர்வம், 1958இல் ‘ஈக்வினாக்ஸ் ஃபிளவர்’ படத்தில் வண்ணத்துக்கு மாறிய பிறகு அதுவும் அடியோடு நின்றுவிட்டது. ஆகவேதான், ‘எர்லி சம்மர்’ படத்தில் கடற்கரை மணல்மேட்டில் இரு பெண்கள் நடக்கும்போது கேமரா கிரேனில் மெல்ல உயரும் அந்த ஒரே இடம், பழகிய ரசிகனுக்கு நெஞ்சை அடைப்பது போல இருக்கும். நீங்கள் அதைக் கவனிக்காமல் தாண்டியிருப்பீர்கள், மறுபடி போட்டுப் பாருங்கள்.

இருவர் பேசும் காட்சிகளில் அவர் செய்வது இன்னும் விசித்திரமானது. பேசுகிற இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோட்டை வரைந்து, அதைக் கேமரா தாண்டக் கூடாது என்று எல்லாத் திரைப்படப் பள்ளிகளும் சொல்லிக்கொடுக்கின்றன. ஓசு அந்தக் கோட்டைப் பொருட்படுத்துவதே இல்லை. இருவரும் ஏறத்தாழ நம்மை நோக்கி, ஒரே பக்கம் பார்ப்பதுபோலப் பேசுகிறார்கள். முதல் முறை ஏதோ இடிக்கிறது என்று தோன்றும், கொஞ்ச நேரத்தில் அவர்கள் நடுவே நாம் உட்கார்ந்திருப்பதுபோல ஆகிவிடும்.

இன்னொன்று, காட்சிகளுக்கு இடையில் வரும் புகைபோக்கிகள், உலர்த்திய துணிகள், ஆளில்லாத தாழ்வாரங்கள். இவற்றுக்கு நோயல் பர்ச் என்ற விமர்சகர், ஜப்பானியக் கவிதையில் ஒரு சொல்லுக்கு முன்னால் அடைமொழிபோல வரும் ‘தலையணைச் சொற்கள்’ என்ற மரபை நினைத்து, தலையணைக் காட்சிகள் என்று பெயர் வைத்தார். இவற்றைச் சங்கப் பாடல்களின் கருப்பொருளோடு ஒப்பிடும் ஆசை எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் அகப்பாடலில் நண்டும் நாரையும் வந்தால் அவை எதையோ உள்ளுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும். ஓசுவின் புகைபோக்கி புகைபோக்கியாக மட்டும் நிற்கிறது. அதனால் அந்த ஒப்பீட்டைக் கைவிட்டேன்.

உங்கள் ஞாயிறு விவாதத்துக்கு ஒரு நல்ல சண்டையும் தருகிறேன். ‘லேட் ஸ்பிரிங்’ படத்தில் அப்பாவும் மகளும் கியோட்டோ விடுதியில் படுத்திருக்கும் இரவு. அப்பா தூங்கிவிட்டார், மகள் புன்னகைக்கிறாள், வெட்டு. இருட்டில் ஒரு பூச்சாடி, சில நொடிகள். மறுபடி மகள், இப்போது அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அந்தச் சாடி எதற்காக அங்கே வருகிறது? விமர்சகர் டொனால்ட் ரிச்சியும், பிற்காலத்தில் இயக்குநரான பால் ஷ்ரேடரும் தொடங்கி எத்தனையோ பேர் அதற்குப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அறுவரும் ஆளுக்கொரு பதிலை ஒரு தாளில் எழுதிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

கரையோரம் (பதில்)

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய அனுமதியுங்கள். ஓசுவின் நேர்த்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று படங்களிலும் நொரிகோ ஓயாமல் புன்னகைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, ஒரு பெண்ணாக எனக்கு மூச்சு முட்டுகிறது. ‘லேட் ஸ்பிரிங்’ மகளுக்கு வேண்டாத கல்யாணத்தை எல்லோரும் சேர்ந்து நடத்திவைக்கிறார்கள், பிறகு அப்பா தனியாக ஆப்பிள் சீவுவதைப் பார்த்து நாம் அவருக்காக இரங்குகிறோம். அவள் போன வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

இதே வகைமையில், அதே ஷோசிகுவில் தொடங்கிய இயக்குநர் மிக்கியோ நருசேயைப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு ஓசுக்கள் தேவையில்லை என்று ஷோசிகுவின் ஸ்டுடியோத் தலைவர் ஷிரோ கிடோ சொன்னதாகவும், நருசே அங்கிருந்து விலகியதாகவும் சொல்வார்கள். நருசேயின் பெண்கள் காசை எண்ணுகிறார்கள். வாடகை, கடன், சகோதரனின் கோர்ட் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கும். ‘வென் எ வுமன் அசெண்ட்ஸ் த ஸ்டேர்ஸ்’ (1960) படத்தில், மதுவிடுதி நடத்தும் பெண்ணாக ஹிடேகோ தகாமினே ஒவ்வொரு மாலையும் மனமில்லாமல் அந்தப் படிகளில் ஏறுவதைப் பார்த்த பிறகு, ஓசுவின் வீடுகளில் யார்தான் அரிசி வாங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஓசுவிடம் உதவி இயக்குநராக இருந்த ஷோஹெய் இமாமுராவே பிறகு அவருக்கு முற்றிலும் எதிர்த்திசையில், வியர்வையும் சேறுமாகப் படம் எடுத்தவர்தான்.

கீற்றுக்கொட்டகை (பதில்)

கரையோரம் அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கான பதிலில் ஒரு பகுதி ஓசுவிடமே இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். ‘எர்லி சம்மர்’ நொரிகோ வீட்டார் பார்த்துவைத்த வரனை ஒதுக்கிவிட்டு, பக்கத்து வீட்டில் இருக்கும், மனைவியை இழந்து ஒரு குழந்தையோடு வாழும் டாக்டரைக் கட்டிக்கொள்வதாகத் தானே சொல்லிவிடுகிறாள், அதுவும் அவருடைய அம்மாவிடம், ஒரு நிமிடப் பேச்சில். வீடே ஆடிப்போகிறது. பெரிய குடும்பம் சிதறுவதற்கு அந்த ஒரு சொல் காரணமாகிறது. அரிசிக் கணக்கு வேண்டுமென்றால் ‘எ ஹென் இன் த விண்ட்’ (1948) இருக்கிறது, போரிலிருந்து கணவன் திரும்பாத நிலையில், நோயுற்ற குழந்தையின் மருத்துவமனைச் செலவுக்காக ஓர் இரவு தன்னை விற்கும் பெண்ணின் கதை. இரக்கமற்ற படம், ஓசுவுக்கே அதில் திருப்தி இருக்கவில்லை. ‘டோக்கியோ டுவைலைட்’ (1957) அதைவிட இருண்டது. அவர் எப்போதும் மென்மையானவர் என்ற பிம்பம், நாம் ஆறேழு படங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் வருகிறது.

நருசேயைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. திண்ணைவாசி குழுவின் அடுத்த சுற்றுக்கு அவரையே முன்மொழிகிறேன்.

சிராங்கூன் (பதில்)

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதால் ஒரு சிறு திருத்தம். ஓசு ஒரு நகைச்சுவைக்காரர். மௌனப் பட காலத்தில் கல்லூரி மாணவர்களின் கூத்துகளும், அமெரிக்க பாணியில் தொப்பி போட்ட ரவுடிகளும்தான் அவருடைய சரக்கு. ‘டிராக்நெட் கேர்ள்’ (1933) பார்த்தால் அதே ஆள்தானா என்று கேட்பீர்கள். ‘ஐ வாஸ் பார்ன், பட்...’ (1932) படத்தில், முதலாளி முன்னால் தங்கள் அப்பா கோமாளித்தனம் செய்வதைப் பார்த்துவிட்ட இரண்டு சிறுவர்கள் சாப்பிட மாட்டோம் என்று அடம்பிடிப்பார்கள். ‘குட் மார்னிங்’ (1959) படத்தில் டிவி வாங்கித் தரவில்லை என்பதற்காக இரண்டு பையன்கள் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள், குசு விடும் போட்டியும் உண்டு. தூங்கிய நண்பர்களுக்கு இந்த இரண்டையும் முதலில் காட்டியிருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1943இல் ஜப்பானிய ராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ஒரு படம் எடுப்பது திட்டம். அந்தப் படையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. படம் முடியவே இல்லை. அங்கே கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களை அவர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், ‘சிட்டிசன் கேன்’ உட்பட. போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பியவர் எடுத்த படங்களில் போர்க்களம் கிடையாது. ஆனால் ‘டோக்கியோ ஸ்டோரி’ நொரிகோவின் அறையில், போரில் இறந்த கணவனின் புகைப்படம் இருக்கிறதல்லவா, அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

திண்ணைவாசி (பதில்)

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே ‘லேட் ஸ்பிரிங்’ படத்தை மறுபடி ஒரு முறையும், அடுத்த வாரமே வழக்கத்தை மீறி ‘லேட் ஆட்டம்’ படத்தையும் பார்த்தோம். இந்த முறை படம் பார்த்தது ஒரு நண்பரின் வீட்டில். அவருடைய அம்மா கீரை ஆய்ந்தபடி ஓரமாக உட்கார்ந்து இரண்டு படத்தையும் முழுதாகப் பார்த்தார், மொழி புரியாது, ஆங்கில வரிகளும் படிக்க மாட்டார். முதல் படம் முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மாப்பிள்ளைய காட்டவே இல்லையேடா, கல்யாணம் நின்னுபோச்சா?” நாங்கள் சிரித்தோம். இரண்டாவது படத்தின் கடைசியில் செட்சுகோ ஹாரா தனியாக அறையில் உட்கார்ந்திருந்தபோது, “இவதான போன வாரம் கல்யாணம் ஆகிப் போனவ, இப்ப அவ பொண்ணையும் அனுப்பிட்டாளா” என்றார். அதற்கு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கரையோரம் அவர்கள் கேட்ட கேள்விக்கு, அந்தப் பெண் போன வீட்டில் எப்படி இருந்தாள் என்பதற்கு, 11 ஆண்டுகள் கழித்து வேறு ஒரு படத்தில் ஏதோ ஒரு பாதிப் பதில் கிடைத்ததுபோல எனக்குத் தோன்றியது. நடிகை ஒருவர்தான், கதாபாத்திரம் வேறு என்பது தெரிந்தும் அப்படித் தோன்றியது.

பூச்சாடிக்கு ஆறு தாள்களில் ஐந்து விதமான பதில்கள் வந்தன. ஒருவர் எதுவும் எழுதாமல் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார், அவர்தான் முதல் நாள் அழுதவர். கிரேன் காட்சியையும் தேடிப்பிடித்துப் பார்த்தோம், நான் அதை முதல் முறை உண்மையிலேயே கவனித்திருக்கவில்லை. ‘சந்தியா ராகம்’ நல்ல பிரதியாக எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். வரும் ஞாயிறு ‘குட் மார்னிங்’ போடுகிறோம், தூங்கிய இருவரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், குசுப் போட்டி பற்றி நான் அவர்களிடம் சொல்லிவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.